பறிமுதல் கணக்கு

மஞ்சள் கடத்திய குற்றத்துக்காக ஆட்கள் கைதான காலம் ஒன்று இருந்தது. அதிக தூரம் போகவேண்டாம், 2020ஆம் ஆண்டு. உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றுவதற்கென்று மஞ்சள் இறக்குமதிக்கு இலங்கை அரசாங்கம் தடை போட்டது. விலை பல மடங்கு ஏறியது. சில மாதங்களுக்குள் பாக்கு நீரிணையில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபடத் தொடங்கிற்று. கடற்படை படம் எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. பிடிபட்டதில் ஒரு பகுதியை எரித்தும் விட்டார்கள். ரசத்தில் போடுகிற, தாலிக்கயிற்றில் பூசுகிற, அம்மன் கோவிலில் கரைத்து ஊற்றுகிற சாமான், ஒரேயொரு வர்த்தமானி அறிவித்தலோடு கஞ்சாப் பொதிக்குப் பக்கத்தில் போய் நின்றது. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் உள்ள வல்வெட்டித்துறையின் வயதானவர்களுக்கு இது புதினமாக இருந்திருக்காது. அவர்கள் காலத்தில் சேலையும் சாரமும் பீடி இலையும் அப்படித்தான் நின்றன.

“காசு குடுத்து வாங்கின சாமான். ஆரிட்டையும் பறிக்கேல்லை. இதிலை என்ன களவு?” என்பது அந்தக் கரையின் பழைய நியாயம். பொலிஸ் பதிவேட்டில் கள்ளக்கடத்தல், ஊர்வாயில் வெறும் ‘தொழில்’. இந்த நியாயத்தைச் சிரித்துத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அடம் ஸ்மித்தும் ஏறக்குறைய இதையேதான் எழுதிவைத்தார்: கடத்தல்காரன் இயற்கை நீதியை மீறியவன் அல்லன், நாட்டுச் சட்டம் குறுக்கே வராதிருந்தால் அவன் நல்ல குடிமகனாகவே இருந்திருப்பான் என்று. சந்தையின் தத்துவாசிரியரும் வள்ளம் ஓட்டும் வல்வெட்டித்துறைத் தண்டையலும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. கார்ல் மார்க்ஸ்தான் மேலே ஒரு கேள்வி கேட்டார்: சரி, குறுக்கே வந்த அந்தச் சட்டம் ஆருக்கு வேண்டியிருந்தது?

அவர் அதை முதலில் கேட்டது விறகு விஷயத்தில். 1842 ஒக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும், 24 வயதில், கொலோன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரைத் தொடர் அது. ரைன் மாகாண சபை புதிதாக ஒரு சட்டத்தை விவாதித்திருந்தது. காட்டில் தானாக விழுந்த சுள்ளியை ஏழைகள் பொறுக்குவது தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த வழக்கம். அதைத் திருட்டு என்றது சட்டம். மார்க்ஸின் ஆத்திரம் அதோடு நிற்கவில்லை. திருட்டுப்போன விறகின் பெறுமதியை மதிப்பிடுகிற வனக் காவலன், காட்டுச் சொந்தக்காரனிடம் சம்பளம் வாங்குகிறவன். தண்டப்பணம் போய்ச் சேருவதும் அரச கருவூலத்துக்கு அல்ல, அதே சொந்தக்காரனின் பைக்குள். கட்ட முடியாதவன் அவனுக்கே உடலால் உழைத்துத் தீர்க்கவேண்டும். விழுந்த சுள்ளிக்கு இப்படி வட்டி போட்டு வாங்குகிற தொழில் வேறு எங்கே உண்டு? பொருளாதாரத்தைப் படித்தே ஆகவேண்டும் என்று தன்னைத் தள்ளியது இந்த விவகாரம்தான் என்று மார்க்ஸ் பிற்காலத்தில் சொன்னார்.

நம்முடைய சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டுக்குரியது. திருத்தம் மேல் திருத்தம் போட்டு இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. பிடிபட்ட பொருள் பறிமுதல், அதற்குமேல் பெறுமதியின் மூன்று மடங்குவரை தண்டம். அந்த வருவாயில் ஒரு பங்கு பிடித்த அதிகாரிகளுக்கும் துப்புக் கொடுத்தவருக்கும் வெகுமதியாகப் போகும். விசாரிப்பதும் பெரும்பாலும் அதே திணைக்களம். ரைன் நதிக்கரையில் மார்க்ஸ் கண்டு கொதித்த ஏற்பாடு வடமராட்சிக் கரையில் சாதாரண அலுவலக நடைமுறையாக இருந்தது.

வழக்க உரிமை என்ற வாதமும் இங்கே பொருந்தும். வல்வெட்டித்துறையிலிருந்து தமிழ்நாட்டுக் கோடியக்கரை அதிக தூரமில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கும், பர்மா அரிசியும் தேக்கும் இங்கேயும் பாய்க்கப்பலில் போய்வந்தன. சிதம்பரத்துக்குத் தரிசனம் போனவர்களும் இதே கடலால்தான் போனார்கள். கப்பல் ஓட்டுவதோடு கப்பல் கட்டுவதும் ஊரின் தொழில். இங்கே கட்டிய ‘அன்னபூரணி’யை ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டி, ஊர் மாலுமிகளோடு அனுப்பினார். 1938 ஓகஸ்டில் அது மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையில் போய் நின்றது. இன்றைக்கும் இந்தக் கதையை ஊர் பெருமையோடு சொல்லும். அடுத்த முப்பது வருடக் கதையைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கும்.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் போனது. அரிசி ஓட்டம் நின்றது. போர் முடிந்தபோது பாய்க்கப்பலின் காலமும் முடிந்திருந்தது. 1948இன் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வர, போய்வருவதற்கே கடதாசி வேண்டும் என்றாயிற்று. 1953இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்கு முந்திய வருடமே, அனுமதியில்லாமல் வருகிற இந்தியரைத் தடுப்பதற்கென்று இராணுவத்தை வடகரைக்கு அனுப்பியாயிற்று. கடல் அதேதான், காற்றும் அதேதான். அதைக் கடப்பதற்குரிய வித்தை மட்டும் குற்றமாகிவிட்டது.

வறுமைதான் குற்றத்தின் தாய் என்று சொல்லும் மார்க்சியம் ஒன்று உண்டு. ஒல்லாந்துக்காரர் வில்லெம் பொங்கர் 1905இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார்: முதலாளித்துவம் மனிதனைச் சுயநலக்காரன் ஆக்குகிறது, பசி அவனைத் திருடன் ஆக்குகிறது. அந்தச் சட்டை வல்வெட்டித்துறைக்கு அளவில்லை. இங்கே தொழிலில் இறங்கியவர்கள் பசித்தவர்கள் அல்லர். கையில் முதல் இருந்தது, நட்சத்திரம் பார்த்துக் கடல் ஓடும் அறிவு இருந்தது, இரண்டு கரையிலும் உறவும் நம்பிக்கையும் இருந்தன. முதலும் திறமையும் சும்மா கிடப்பதைப் பொறுக்காது என்பதும் மார்க்ஸிடமிருந்து கற்கக்கூடிய பாடம்தான். பொங்கரைவிட அதுதான் இங்கே உதவும்.

அக்கரையிலும் ஒரு சட்டம் துணைக்கு வந்தது. மொரார்ஜி தேசாய் இந்திய நிதி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு 1968இல் முழுச் சட்டமானது. மக்கள் தங்க மோகத்தை விட்டொழிக்கவேண்டும் என்பது நோக்கம். தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளுக்கு இந்த நோக்கத்தை ஆரும் அறிவிக்கவில்லைப் போலும். போகும்போது தங்கமும் கைக்கடிகாரமும், வரும்போது துணியும் பீடி இலையும். இரண்டு அரசுகள் தனித்தனியே உட்கார்ந்து எழுதிய இரண்டு சட்டங்கள், ஒரே வள்ளத்துக்குப் போக்கும் வரத்தும் சரக்குக் கொடுத்தன.

இனி இந்தக் கதையின் மிகச் சங்கடமான இடத்துக்கு வருவோம். வடமராட்சி மார்க்சியத்துக்கு அந்நியமான மண் அல்ல. 1956இல் பருத்தித்துறைத் தொகுதி தன் பிரதிநிதியாகக் கம்யூனிஸ்ட் பொன். கந்தையாவைப் பாராளுமன்றம் அனுப்பியது. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் இங்கே வாசிகசாலைகளில் கைமாறின. சட்டம் என்பது ஆளும் வர்க்கத்தின் கைக்கருவி என்ற வாக்கியத்தைத் தேநீர்க்கடை வாங்கில் இருந்து சொல்லக்கூடியவர்கள் எப்போதும் இருந்தார்கள். 1970இல் நிதி அமைச்சரான என். எம். பெரேராவும் அந்த வாக்கியத்தை நன்கு அறிந்தவர். லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். 1942இல் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பி, இரகசியமாக இந்தியாவுக்குப் போய்த் தலைமறைவாக இருந்து, அங்கே பிடிபட்டவர். சுங்கத்துக்குச் சொல்லிவிட்டா போயிருப்பார்? அந்த மனிதர் நிதி அமைச்சராகி 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாக்காசாக்கினார். ஒளித்துவைத்த பணத்தை வெளியே இழுப்பதற்கு. இறக்குமதிக் கட்டுப்பாடும் செலாவணிக் கட்டுப்பாடும் அவர் காலத்தில் இறுகின. அவை இறுக இறுக, கடல் கடந்து வந்த சேலையின் விலையும் கூடிற்று.

அவரைக் கேலி செய்வது என் நோக்கம் அல்ல. ஏற்றுமதியில் வந்த செலாவணி போதவில்லை. இருந்த டொலரில் அரிசியும் மாவும் மருந்தும் வாங்கவேண்டியிருந்தது. கூப்பனை எடுத்துக்கொண்டு சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்றவருக்காகத்தான் சட்டம் என்று அவர் சொல்லியிருந்தால், அது பொய்யாகவும் இருந்திருக்காது. கடத்தல் சேலை உடுத்தியது அந்த வரிசையில் நின்றவளும் அல்ல. அப்படியானால் மார்க்சியக் கண்ணுக்கு இதில் எவன் குற்றவாளி? வணிக முதலின் பிரதிநிதியாக வள்ளத்தில் வந்தவனா, அவனுடைய இலாபத்தைத் தன் சட்டத்தாலேயே வளர்த்துவிட்ட மார்க்சிய அமைச்சரா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் கண்ட விலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார், மோட்டார் சைக்கிள் வாங்கினார். கரையில் ஒருவனைக் கள்ளன் ஆக்கிய அதே சட்டம், சில மைல் உள்ளே இன்னொருவனைப் பணக்காரன் ஆக்கியது. அந்தப் பணக்காரனின் மகள் கல்யாணத்துக்குச் சேலை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கைக்கருவி என்ற உவமை இங்கேதான் இடறுகிறது. கருவிக்கு ஒரு கைபிடி இருக்கும். இந்தச் சட்டத்தைப் பிடித்திருந்த கைகள் பல, அவற்றில் சில நம்முடையவை.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. நேற்றுவரை இரவில் ஊறணியிலும் ரேவடியிலும் இறங்கிய சாமான், பகலில் கொழும்புப் புறக்கோட்டையில் அடுக்கிவைத்து விலையானது. மிளகாய்த் தோட்டக்காரர் அடிபட்டார். துணிக் கடத்தல் படுத்துவிட்டது. ஊர் திருந்திவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, இலாபம் போய்விட்டது. இங்கிலாந்து இதை 1784லேயே செய்து பார்த்திருக்கிறது. அதற்கு முன் தேயிலைக்கு நூறு வீதத்துக்கு மேல் வரி. சசெக்ஸ், கென்ற் கரைகளில் ஊர் ஊராகக் கடத்தல், கொலை, தூக்கு. வரியைப் பன்னிரண்டரை வீதமாக்கினார் பிரதமர் பிட். ஆரையும் தூக்கில் போடாமலே தேயிலைக் கடத்தல் சரிந்தது.

குற்றவாளி உற்பத்தியாளனும்கூட என்று மார்க்ஸ் ஓரிடத்தில் கிண்டலாக எழுதினார். அவன் குற்றத்தை மட்டும் செய்வதில்லை, பொலிஸையும் நீதிபதியையும் குற்றவியல் பேராசிரியரையும் அவருடைய பாடப்புத்தகத்தையும் பூட்டுச் செய்கிறவனையும் சேர்த்தே உண்டாக்குகிறான் என்று. வல்வெட்டித்துறைக்கு இதை எழுதிப் பார்த்தால் பட்டியல் நீளும். பருத்தித்துறை நீதிமன்றச் சட்டத்தரணிகள், துப்புக் காசு வாங்கியவர்கள், கண்ணை மூடிக்கொள்வதற்கு மாதப்படி வாங்கியவர்கள், வேகமான எஞ்சினை விற்றவர்கள், அதைத் துரத்த இன்னும் வேகமான எஞ்சினை அரசுக்கு விற்றவர்கள். கோவில் திருவிழா உபயகாரர்களையும் விட்டுவிட முடியாது. அம்மன் வாசலில் உபயப் பணத்துக்கு வருமானவரிப் பத்திரம் கேட்கும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

ஆனால் வள்ளத்துக்குள்ளே பார்த்தால் கிண்டல் அடங்கிவிடும். முதலாளி கரையில் இருப்பார். தண்டையலும் கூட்டாளிகளும் ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குப் போவார்கள். இருட்டில், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டையைத் தலையில் வாங்கி ஒழுங்கைக்குள் ஓடுகிறவர்களுக்கு அதைவிடக் குறைந்த கூலி. பிடிபட்டால் வாயைத் திறக்கக்கூடாது. திறக்காவிட்டால் சட்டத்தரணிக்கும் வீட்டுச் செலவுக்கும் முதலாளி பொறுப்பு. எழுதாத ஒப்பந்தம், ஆனால் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது. மாமன், மச்சான், சித்தப்பா என்று எல்லோரும் ஒரே உறவு, ஒரே சாதி, ஒரே கோவில். ஆகையால் அதைச் சுரண்டல் என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. முதலாளி தண்டம் கட்டினார், தொழிலாளி மறியலுக்குப் போனான். இந்தப் பங்கீட்டில் அரசும் முதலாளியும் ஒருபோதும் முரண்பட்டதில்லை. எரிக் ஹொப்ஸ்பாம் எழுதிய சமூகக் கொள்ளையரைப்போல ஊரைக் காத்த வீரர்களாக இவர்களைச் சித்திரிப்பவர்கள், மூட்டை தூக்கியவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சட்டம் என்ற சங்கதி இதே காலத்தில் வேறு முகமும் எடுத்தது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பிரித்தானியன் எழுதியதுதான். பொலிஸ் அறைக்குள் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் இந்தக் காப்பைக் கழற்றியது. 1971 கிளர்ச்சிக்காரரை விசாரிப்பதற்கும் செலாவணி மோசடிக்காரரை விசாரிப்பதற்கும் என்று அது வந்தது. அப்போது அமைச்சரவையில் இருந்த இடதுசாரிகள், பெரிய நோக்கத்துக்கு ஒரு சிறிய விதிவிலக்கு என்று நினைத்திருக்கலாம். ஜே. ஆர். அரசு 1977இல் ஆணைக்குழுச் சட்டத்தை ஒழித்தது, ஆனால் அந்த யோசனையை ஒழிக்கவில்லை. 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. தற்காலிகம் என்று வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று.

வடமராட்சியைச் சேர்ந்த ஆயுத இயக்கத் தலைவர்கள் குட்டிமணியும் தங்கத்துரையும் அந்தச் சட்டத்தின்கீழ்தான் கூண்டில் நின்றார்கள். கடத்தல் வள்ளத்தின் வித்தையும் வழியும் ஆயுத இயக்கங்களுக்குக் கைமாறிய காலம் அது. அவர்களைப் பற்றிய என் அபிப்பிராயம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அரசு அவர்களைத் தன் பூட்டுக்குள் வைத்திருந்தது. 1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறைக்குள், அவர்கள் இருவர் உட்பட 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். சாவியும் சாட்சியும் அரசிடமே இருந்த இடம் அது. இன்றுவரை அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

1989 ஓகஸ்ட் 2ஆம் தேதி வல்வெட்டித்துறையில் நிலைகொண்டிருந்த இந்திய அமைதிப் படையினர் சிலர் புலிகளின் தாக்குதலில் இறந்தார்கள். அதன் பிறகு அந்தப் படை ஊருக்குள் நடத்திய தாக்குதலில் 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், வீடுகளும் கடைகளும் எரிந்தன. இரு தரப்பு மோதலுக்கு நடுவே அகப்பட்டு இறந்தவர்கள் என்றது இந்தியத் தரப்பு. ஊர்ப் பிரஜைகள் குழு என்ன செய்தது என்பது இங்கே கவனிக்கவேண்டியது. தப்பியவர்களைக் கூப்பிட்டுச் சத்தியக்கடதாசி வாங்கியது. பெயர், வயது, தொழில், முகவரி, நான் இன்னாரின் மனைவி, இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நின்றேன், இன்னது கண்டேன், கீழே கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம். முப்பது வருடம் சுங்கத்தையும் பொலிஸையும் கடற்படையையும் ஏய்த்துப் பிழைத்த ஊர், சட்டத்தின் வாசகத்தில் ஒரு பிழை வராமல் தன் மரணங்களை எழுதிவைத்தது. அவை புத்தகமாக வந்தன. நீதிமன்றத்துக்கு மட்டும் வரவில்லை, கொழும்பிலும் சரி, டில்லியிலும் சரி.

ஈ. பி. தொம்சன் என்ற ஆங்கிலேய மார்க்சிய வரலாற்றாசிரியர் 1975இல் ஒரு நூல் எழுதினார். 1723இல் காட்டோரத்து மக்களை அடக்க வந்த கறுப்புச் சட்டம் பற்றியது. மான் வேட்டைக்கும் மரம் வெட்டியதற்கும் தூக்குத்தண்டனை விதித்த கொடூரம் அது. ஆளும் கூட்டம் தன் நலனுக்காக எழுதிய சட்டம் என்பதைப் பக்கம் பக்கமாக நிறுவிவிட்டு, கடைசியில் தன் தோழர்கள் திடுக்கிடும்படி ஒன்று சொன்னார்: ஆனாலும் சட்டத்தின் ஆட்சி மனிதகுலத்துக்கு ஒரு நன்மை, விதிகளுக்குள் கட்டுண்ட அதிகாரமும் கட்டில்லாத அதிகாரமும் ஒன்றல்ல என்று. தோழர்கள் அவரைத் திட்டினார்கள். சோவியத் நாட்டில் பஷுகானிஸ் 1924இல் சட்டம் சரக்குப் பரிவர்த்தனையின் நிழல், சோசலிசத்தில் அது உதிர்ந்துபோகும் என்று எழுதினார். 1937இல் அவரைச் சுட்டார்கள். அவர் விடயத்தில் சட்டம் உண்மையிலேயே உதிர்ந்துதான் இருந்தது. நான் தொம்சன் பக்கம். வல்வெட்டித்துறையின் 1953க்கும் 1989க்கும் இடையில் நடந்ததைப் பார்த்தவர் வேறு பக்கம் நிற்பது கஷ்டம். 1953இன் சட்டம் அநியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு தவணைத் தேதி இருந்தது, ஒரு நீதவான் இருந்தார், குறுக்குவிசாரணை இருந்தது, தண்டத்துக்கு ஒரு தொகை இருந்தது.

இப்போது கரையில் வேறு வழக்கு. தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் இரவில் கோடு தாண்டி வந்து அடிமடியை வழித்துக்கொண்டு போகின்றன. வடமராட்சிச் சிறு தொழிலாளி கடன்பட்டு வாங்கிப் போட்ட வலை, விடியும்போது அறுந்து கிடக்கும், சில நாள் அதுவும் இருக்காது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் போட்ட எல்லையை ஒரு காலத்தில் பரிகசித்த ஊர்கள், இன்று அந்த எல்லையைக் காவல் செய் என்று கடற்படையிடமே மனுக் கொடுக்கின்றன. இழுவைமடியைத் தடை செய்யும் சட்டம் 2017இல் வந்தது. பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்கள். வலை அறுந்தவனும் ஏழை, அறுத்த படகில் நின்றவனும் ஏழை, இரண்டு பேருக்கும் நடுவில் நீதவான். கூலியாட்கள் விளக்கமறியலில் சில வாரம் இருந்து, ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு ஊர் போகிறார்கள். திரும்பப் பிடிபட்டால் அந்தத் தண்டனை உயிர்பெறும். படகு பற்றிய வழக்கு தனி. அதற்கு உரிமையாளர் நேரில் வந்து தன் உரித்தை நிரூபிக்கவேண்டும். அவர் அக்கரையில் இருக்கிறார். பெரும்பாலும் வருவதில்லை. வராவிட்டால் படகு பறிமுதல், அவ்வளவுதான். அடுத்த கிழமை அவருடைய வேறொரு படகில் வேறு நான்கு கூலிகள் வருவார்கள், வலை அறுந்தவன் நட்டஈட்டுப் பத்திரத்தை நிரப்பிக்கொண்டு திணைக்களப் படிக்கட்டில் நிற்பான்.